வாணமும் தோணியும்

குடகனாற்றில் தோணி ஓடுவதில்லை. பழனி மலைத்தொடரின் கீழ்ச்சரிவுகளிற் பிறந்து, ஆத்தூருக்கு மேற்கே காமராஜர் நீர்த்தேக்கத்திற் சிறிது தங்கி, சித்தையன்கோட்டைப் பக்கத்து வயல்களுக்கும் திண்டுக்கல் நகரத்தாரின் குடங்களுக்கும் தன் ஜலத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, எஞ்சியதை வடக்கே அமராவதிக்குக் கொண்டு சேர்க்கும் அச்சிற்றாறு, ஆண்டின் பல மாதங்களில் மணலாகவே கிடப்பது. ஆகவே, வாணவேடிக்கை நடைபெறும்போது நதியிற் படகுகளின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் வழக்கத்தின் பூர்வ சரித்திரத்தை எழுதப் புகுந்த ஒருவன் அதைச் சித்தையன்கோட்டையிலிருந்து தொடங்குவது, கரட்டுமேட்டில் நின்று மீன்வலை பின்னுவதைப் போலத் தோன்றலாம். ஆயினும், இவ்வழக்கத்தின் இரண்டு கூறுகளில் ஒன்றாகிய நெருப்பு இப்பக்கத்து மண்ணோடு நெடுநாள் உறவுடையது. மற்றொன்றாகிய நீரைக் குறித்தோ, நம் நாட்டுக் கோயில் உற்சவங்கள் யாரும் எழுதி வைக்காத ஒரு விதியை அனுஷ்டித்து வந்திருக்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவதே என் கருத்து.

முதலில் சொல்லைப் பார்ப்போம். வானத்தில் நிகழ்வதால் இது 'வானவேடிக்கை' என்று பலர் எண்ணுகிறார்கள். திருவிழா நோட்டீசுகளிலும் அவ்வாறே அச்சாகிறது. உண்மையில் இது வாணவேடிக்கை. பாணம் என்ற வடசொல்லின் திரிபு வாணம். அம்பு என்பதே அதன் பொருள். மூங்கிற் குழாயின் ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, வெடியுப்பும் கந்தகமும் கரியும் அளவறிந்து சேர்த்து இடித்த மருந்தைக் கெட்டித்து, நீண்ட குச்சியொன்றைப் பக்கத்தில் வைத்துக் கட்டி, திரியிற் கொள்ளியை வைத்தால், அந்த அம்பு தன் நெருப்பையே நாணாகக் கொண்டு பாய்கிறது. பூவாணம், சீறுவாணம், சக்கரவாணம், எலிவாணம் என்று அதற்குப் பல பேதங்கள் உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அங்குள்ள மகாநவமி விழாவில் வாணவேடிக்கையைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். ஒரிஸாவை ஆண்ட கஜபதி பிரதாபருத்திர தேவர் பெயரால் வழங்கும் 'கௌதுக சிந்தாமணி' என்னும் வடமொழி நூலில் வாணங்களுக்குரிய மருந்துக் கலவைகளே கூறப்பட்டிருக்கின்றன. ஆகவே நம் தேசத்தில் இக்கலைக்கு 500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது உண்டு.

இப்பக்கத்து ஊர்களில் அம்மன் திருவிழா இரவொன்றிற் சென்று நின்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வாணக்காரர் திரியைப் பற்றவைத்துவிட்டு இரண்டெட்டுப் பின்வாங்குகிறார். சீறிக்கொண்டு வாணம் எழுகிறது. அந்தக் கணத்திலே, பேரம் பேசிக்கொண்டிருந்த வளையற்காரரும், பாதி முறுக்கைக் கடித்த சிறுவனும், அவனைத் தோளிலே சுமந்த தகப்பனும், நாயனத்தை உதட்டிலிருந்து எடுத்த வித்துவானும் ஆகிய அத்தனை பேருடைய கழுத்துகளும் ஏதோ ஒரு கயிற்றாற் சுண்டியிழுக்கப்பட்டவைபோல ஒருமிக்க மேல் நோக்கி வளைகின்றன. கால் எதை மிதிக்கிறது, கை எதைப் பற்றியிருக்கிறது, அருகில் நிற்பவர் யார் என்ற பிரக்ஞை ஒருவருக்கும் இருப்பதில்லை. வாணம் உச்சியில் விரிந்து பொரிகளாக உதிர்ந்து அவிந்த பிறகே, கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டுத் தரைக்குத் திரும்புகிறது. தரையில் நிற்பவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. பக்கத்திலிருப்பவர் காலை மிதித்துவிட்டு, "மன்னிச்சுக்கங்கண்ணே" என்று சொன்னாற் போதும். நீரின்மேல் நிற்பவர்களுக்கு அவ்விதம் அன்று. இவ்விஷயத்தின் சாரம் முழுவதும் அந்த வளைந்த கழுத்திலேதான் இருக்கிறது.

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல இயலாது. மதுரை நாயக்கர் காலத்தில் எழுந்த அக்கோட்டைக்கு 1755-ஆம் ஆண்டில் பௌஜ்தார் என்னும் படைத்தலைவராக வந்து சேர்ந்தவர் ஹைதர் அலி. பின்னாளில் மைசூர் ராஜ்யம் முழுவதையும் தம் கைக்குட் கொண்டுவந்த அவர், பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு ஆயுதசாலையொன்றை நிறுவித் தம் படையைப் பெருக்கியது இந்தத் திண்டுக்கல்லிலேயே. அவருடைய தந்தையார் ஆர்க்காட்டு நவாபின் சேனையில் வாணப்படையினர் ஐம்பதின்மருக்குத் தலைவராக இருந்தவர் என்பர்; எனவே வாணத்தின் பயன் மகனுக்குக் குலவித்தையாகவே கிடைத்தது எனலாம். மூங்கிற் குழாய்க்குப் பதிலாக இரும்புக் குழாயை அமைத்ததே மைசூர் வாணத்தின் சிறப்பு. இரும்பு, மருந்தின் வேகத்தை உடையாமல் தாங்கிக்கொண்டமையால், அது முன்னிலும் நெடுந்தூரம் பாய்ந்தது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலக் கர்னல் பெய்லியின் சைனியம் அழிந்ததற்கு, அவர்களுடைய வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றியதும் ஒரு காரணமென்றும், அத்தீயை மூட்டியவை மைசூர் வாணங்களென்றும் சரித்திரகாரர்கள் சொல்லுகிறார்கள்.

1799-இல் மைசூர் ராஜ்யத்தின் தலைநகராகிய ஸ்ரீரங்கபட்டணம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது, அங்கே அகப்பட்ட வாணங்கள் கப்பலேறி லண்டனுக்கு அருகிலுள்ள வுல்விச் ஆயுதசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. வில்லியம் காங்கிரீவ் என்பவர் அவற்றை ஆராய்ந்து, தம் பெயரால் வழங்கும் வாணத்தைச் செய்தார். 1806-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துப் பூலோன் துறைமுகத்தின்மேல் ஆங்கிலேயர் அவற்றைப் படகுகளில் இருந்தே எய்தனர். தோணியே வாணத்துக்கு வில்லாயிற்று.

அதே காங்கிரீவ், 1814 ஆகஸ்டு 1-ஆம் தேதி, பிரான்ஸ் தேசத்தோடு ஏற்பட்ட சமாதானத்தைக் கொண்டாடும் பொருட்டு லண்டன் நகரத்துப் பூங்காக்களில் நிகழ்ந்த பெரும் வாணவேடிக்கையை முன்னின்று நடத்தினார். செயின்ட் ஜேம்ஸ் பூங்காவின் நீரோடைமேல் பாலமொன்று கட்டி, அதன் நடுவே சீன தேசத்துக் கோபுரம் போன்ற மரக்கட்டடம் ஒன்றை உயர்த்தி, அதன் அடுக்குகளிலெல்லாம் வாணங்களைப் பொருத்தியிருந்தார்கள். இரவில் அந்தக் கோபுரமே தீப்பற்றி எரிந்து நீரிற் சாய்ந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. கரையில் இருந்த ஜனங்களிற் பலர் அதுவும் வேடிக்கையின் ஓர் அங்கமென்றே எண்ணி ஆரவாரித்தனராம். மேலே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு விபத்தும் விநோதமும் ஒன்றாகவே தெரியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

லண்டன் மாநகரத்துக்கு இந்த அனுபவம் புதிதன்று. 1613-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், முதலாம் ஜேம்ஸ் அரசர் தம் குமாரி எலிசபெத்தின் விவாகத்தை முன்னிட்டுத் தேம்ஸ் நதியில் வாணவேடிக்கையும், அதனையடுத்து ஒரு பொய்க் கப்பற்போரும் நடத்துவித்தார். வேடிக்கை நிகழும் நீர்ப்பரப்பினுள் வழிச்செல்லும் ஓடங்கள் புகாதபடி, தோணிகளைக் கோத்து எல்லை வகுத்திருந்தனர் என்று அக்காலத்தார் எழுதி வைத்திருக்கின்றனர். நான் அறிந்தவரையில், வாணத்தின் பொருட்டு நதியில் வேலியிட்ட கதைகளுள் பழமையானது இதுவே. அந்த வேலி வெளியாரைக் காத்தது. உள்ளே போர் நடித்தவர்களிற் சிலர் படுகாயமுற்றனர்.

அடுத்த நூற்றாண்டில், 1749 ஏப்ரல் 27-ஆம் தேதி, ஐரோப்பிய யுத்தமொன்று முடிந்த மகிழ்ச்சிக்காகக் கிரீன் பூங்காவில் ஹாண்டெல் என்னும் சங்கீத வித்துவான் இயற்றிய வாத்திய கீதத்தோடு பெரும் வாணவேடிக்கை நடந்தது. மழை குறுக்கிட்டதோடு, மண்டபத்தின் ஒரு பக்கமும் தீக்கிரையாயிற்று. எரியாமல் எஞ்சிய வாணங்களை ரிச்மண்ட் பிரபு என்பவர் பெற்று, மே மாதம் 15-ஆம் தேதி, நதிக்கரையிலிருந்த தம் மாளிகையின் முன்னே தேம்ஸ் நதியின் மீதே வெடிக்கச் செய்தார். அவ்விரவைச் சித்திரித்த செப்புத்தகட்டு அச்சுப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதில் ஆகாயம் முழுதும் அக்கினிப் பூக்கள். கீழே நதி முழுதும் படகுகள். வேடிக்கைக்கு இடையூறாக வந்தவை எனக் கருதி 1613-இல் விலக்கப்பட்ட அதே ஓடங்கள், இப்பொழுது வேடிக்கையின் பார்வையாளர்களாக வந்து நிரம்பியிருக்கின்றன. அதுமுதல் நதியைக் காப்போருக்கு வேலை இரட்டித்தது: போகும் படகை நிறுத்த வேண்டும், நிற்க வரும் படகையும் எண்ண வேண்டும்.

1909-இல் நிறுவப்பட்ட லண்டன் துறைமுக அதிகார சபையினர் அவ்வேலையை இப்போது செய்துவருகிறார்கள். ஆங்கில வருஷப் பிறப்பு நள்ளிரவில் வெஸ்ட்மின்ஸ்டர் பக்கத்தில் நடைபெறும் பெரு வேடிக்கைக்கு, நதியின் ஒரு பகுதி சில மணி நேரம் அடைக்கப்படுகிறது. மாலுமிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு அனுப்பப்படுகிறது. இதற்குக் காரணங்களை அடுக்கிப் பார்த்தால் நான்கு தெரிகின்றன. வாணங்களை ஏற்றி நிற்கும் தெப்பத்திலிருந்து உதிரும் கனல் படகின் எண்ணெய் மேலும் கூரை மேலும் விழக்கூடும் என்பது முதலாவது; இதையே எல்லோரும் நினைக்கிறார்கள். பேரொளியைக் கண்ட கண்ணுக்குப் பின்னர்ச் சிறிது நேரம் இருட்டில் ஒன்றும் புலப்படாது என்பது இரண்டாவது. படகிலுள்ளோர் அனைவரும் வெளிச்சம் தோன்றும் பக்கமாகவே சாய்வர் என்பது மூன்றாவது. வேடிக்கை முடிந்ததும், புகை கவிந்த இருளில், எல்லாப் படகுகளும் ஒரே சமயத்தில் வீடு திரும்பப் புறப்படும் என்பது நான்காவது. நெருப்பினால் வருவது முதற் காரணம் ஒன்றே. மற்ற மூன்றும் பார்ப்பவர்களால் வருவன. இரவில் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் படகுக்குத் தேம்ஸ் எத்தகைய இடம் என்பதை, வாணம் ஒன்றும் இல்லாமலே, 1989 ஆகஸ்டு 20-ஆம் தேதி அதிகாலையில் 'மார்ஷியோனெஸ்' என்ற படகு மணல் வாரும் கப்பலொன்றால் மோதப்பட்டு, 51 பேர் மாண்ட துயரம் உலகுக்கு உணர்த்தியது.

கீழ்த்திசையில் ஜப்பானியரின் கதை வேறு விதமானது. டோக்கியோ நகரம் எடோ என்று வழங்கிய காலத்தில், 1732-ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் மாண்டவர்களின் ஆத்ம சாந்திக்காக மறுவருஷம் சுமிதா நதிக்கரையில் வாணம் விட்டார்கள் என்றும், அன்றுமுதல் கோடைக்கால நதித் திறப்பு விழாவில் அது நிலைபெற்றது என்றும் அவர்கள் கூறுவர். காகியா, தாமயா என்னும் இரு வாணக்காரக் குடும்பங்கள் ரியோகோகு பாலத்தின் இரு புறங்களிலும் போட்டியிட்டு வாணம் விட, நகரத்தார் கூரை வேய்ந்த படகுகளிற் குழுமியிருந்து, தமக்குப் பிடித்த குடும்பத்தின் பெயரை உரக்கக் கூவிப் பாராட்டினர். ஹிரோஷிகே என்ற ஓவியர் 1858-இல் இக்காட்சியை வரைந்திருக்கிறார். நம் ஊர்க் கச்சேரிகளில் எழும் "சபாஷ்" போல, "தாமயா!" என்ற கூக்குரல் இன்றும் அங்கே கேட்கிறதாம், அக்குடும்பமோ 1843-இல் தீ விபத்துக்குக் காரணமானதால் நகரத்தினின்றும் வெளியேற்றப்பட்டுவிட்டது. 1897-இல் அந்தப் பாலத்தின் கைப்பிடி, வேடிக்கை பார்க்க நெருங்கிய ஜனங்களின் பாரம் தாங்காமல் முறிந்து, பலர் ஆற்றில் விழுந்து இறந்தனர். விழுந்தவர்களின் மேல் ஒரு பொரியும் படவில்லை. கூட்டம் ஒரு பக்கமாக நெருக்கியது, அவ்வளவுதான்.

தமிழர்களுக்கு அண்மையான நதியொன்றும் இவ்வரிசையில் உண்டு. சிங்கப்பூர் நதியில், கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கை ஏற்றி இறக்கும் தொங்கான்களைத் தொடக்க காலத்திற் பெரும்பாலும் செலுத்தியவர்கள், சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியர் எனப்படும் தமிழ் முஸ்லிம்களே. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தொழில் சீனர்கள் கைக்கு மாறிற்று. நதியைச் சுத்தம் செய்யும் பொருட்டு 1983-இல் தொங்கான்கள் அனைத்தும் அங்கிருந்து அகற்றப்பட்டன. சூலியா தெரு என்ற பெயர்ப்பலகை மட்டும் பழைய படகோட்டிகளை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது. பட்டாசுகளால் நேர்ந்த தீவிபத்துகளையும் மரணங்களையும் கண்ட அந்நாட்டு அரசாங்கம் 1972-இல் தனியார் பட்டாசு கொளுத்துவதையே தடுத்துவிட்டது. ஆனால் ஆகஸ்டு 9-ஆம் தேதி தேசிய தினத்தில், நதியின் முகத்துவாரத்தை அடுத்த மரினா விரிகுடாவில் அரசாங்கமே வாணவேடிக்கை நடத்துகிறது. நெருப்பைத் தெருவிலிருந்து எடுத்து, நீரின்மேல் வைத்து, அந்த நீரையும் காவலுக்குள் கொண்டுவந்தது அவர்களுடைய ஏற்பாடு.

இனி நம் அயலுக்கு வருவோம். வைகைக்கு நீர் ஊட்டும் பெரியாற்று அணை 1895-இல் முடிவுற்று, அதனாலே தேக்கடி ஏரி உண்டாயிற்று. சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு பகற்பொழுதிற் போய் வரக்கூடிய அவ்வேரியில், 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி மாலையில், 'ஜலகன்யகா' என்னும் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். ஆகாயத்தில் வாணம் இல்லை, இரவுகூட இல்லை. கரையில் விலங்குகள் தென்பட்டன. மேல்தட்டில் இருந்தவர்கள் அவற்றைப் பார்க்க ஒரு பக்கமாகத் திரண்டார்கள். படகு நிலைகுலைந்தது என்று பிழைத்தோர் கூறினர். ரியோகோகு பாலத்தின் கைப்பிடியை முறித்த அதே பாரந்தான் இங்கே படகின் விளிம்பை அமிழ்த்தியது. வேடிக்கை எதுவாயினும், நீரின்மேல் இருப்பவனுக்கு வேடிக்கை பார்ப்பதே அபாயம்.

இத்தனை தேசங்களும் உத்தரவு எழுதியும், வேலியிட்டும், உயிர்களைப் பறிகொடுத்தும் கற்ற பாடத்தை நம் தெப்போற்சவத்தில் வைத்துப் பாருங்கள். திருமலை நாயக்கர் தம் மாளிகைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளத்தை 1645-ஆம் ஆண்டில் மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமாக அமைத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. ஏறக்குறைய 1,000 அடி நீளமும் 950 அடி அகலமும் உள்ள அக்குளத்தில், தைப்பூசத்தன்று மீனாட்சியம்மையும் சொக்கநாதரும் தெப்பமேறி மைய மண்டபத்தைச் சுற்றி வருகிறார்கள். இரவில் விளக்கொளியும் வாணவேடிக்கையும் உண்டு. அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் எத்தனை ஓடங்கள் மிதக்கின்றன? ஒன்றே ஒன்று. அதுவும் தன் இஷ்டம்போல் மிதப்பதில்லை. கரையில் நிற்கும் ஜனங்கள் வடம் பிடித்து இழுக்கும் வழியிலே செல்லுகிறது. நம் ஜில்லாவிலேயே, பழனியில் தைப்பூசப் பெருவிழாவின் முடிவில், பெரியநாயகியம்மன் கோயில் தெப்பத்தேர் இவ்வாறே வலம் வருகிறது. நீர் தெய்வத்துக்கு, கரை ஜனங்களுக்கு, ஆகாயம் வாணத்துக்கு என்று மூவுலகையும் பங்கிட்டுக் கொடுத்த இந்தச் சம்பிரதாயத்தில், படகுப் போக்குவரத்தைத் தடை செய்யும் உத்தரவு தனியே வேண்டியதில்லை. வடத்தின் நீளமே உத்தரவு. கையில் வடத்தைப் பிடித்திருப்பவன் வாணத்தைப் பார்த்து மயங்கினாலும், அடுத்தவனுடைய இழுப்பு அவனைத் தரைக்குக் கொண்டுவந்துவிடும்.

இது பாதுகாப்பை எண்ணி ஏற்படுத்தியதா, பக்தியினால் தானே அமைந்ததா என்று கேட்பவர்களோடு எனக்கு வாதமில்லை. எல்லாத் தெப்பங்களும் பழுதற்றவை என்றும் நான் சொல்லவில்லை. தெப்பத்தின்மேல் ஏறுவோரின் எண்ணிக்கையைக் குறைக்க அதிகாரிகள் படும் பாடு அவர்களுக்கே தெரியும். குளத்துக்குப் பொருந்திய முறை பெருநதிக்கு அப்படியே பொருந்தாது என்பதும் உண்மை. ஆனால் விதியின் உட்கருத்து ஒன்றே. ஒகேனக்கல்லில் காவிரி பெருகும்போது கலெக்டர் பரிசல் இயக்கத் தடை விதிக்கிறார். அதை நாம் முணுமுணுத்துக்கொண்டேனும் ஏற்கிறோம், வெள்ளம் கண்ணுக்குத் தெரிவதால். வாணவேடிக்கையன்று நதியில் தடை விதித்தாலோ, "தண்ணீர் சும்மாதானே கிடக்கிறது, இரண்டு நாழிகை படகில் இருந்து பார்த்தால் என்ன?" என்று கேட்கிறோம். அன்று பெருகும் வெள்ளம் நீரில் இல்லை, நம் கண்களில் இருக்கிறது.

ஏரிகளிலும் காயல்களிலும் உல்லாசப் படகுகள் நாளுக்கு நாள் பெருகிவருகின்றன. விழாக் கொண்டாடும் ஆசையும் அவற்றோடு போட்டியிட்டு வளர்கிறது. நீர்க்கரையில் வாணம் விட நினைக்கும் விழாக் கமிட்டியார், மருந்துக்கும் மத்தாப்புக்கும் பணம் ஒதுக்குவதற்கு முன்பாக, அன்றிரவு நீரைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கென்று சிலரை நியமிப்பாராக. அவர்கள் ஒரு வாணத்தையும் காணமாட்டார்கள். எல்லோரும் அண்ணாந்து நிற்கும்போது குனிந்து நிற்கும் அந்த நாலு பேருக்கு, மறுநாள் காலையில் முதல் மாலையைப் போடுங்கள்.